நாணலா, பிளாஸ்டிக்கா?

உத்திரமேரூர் கல்யாணங்களில் இப்போது சாக்ஸபோனும் கேட்கிறது. கத்ரி கோபால்நாத் (1949–2019) போட்டுக் கொடுத்த பாதை. உடம்பு பித்தளை, பேசுகிற நாக்கு மட்டும் நாணல் சீவல். நம்ம நாகஸ்வரச் சீவாளிக்குத் தூரத்துச் சொந்தம்.

நாணலுக்கு ஏக பிகு. எச்சிலில் ஊறணும், வெயிலில் முறுக்கிக்கும். பெட்டிக்குப் பத்து வாங்கினால் மூணு நாலுதான் தேறும். ஆனால் கல்யாணி வாசித்தால் கமகத்தில் ஈரம் இருக்கும்.

பாலிபுரோப்பிலீன் ரீடு? ஊறவைக்க வேண்டாம், மாசக்கணக்கில் உழைக்கும். என் காதுக்குக் குரல் கொஞ்சம் பளபளா. ஆபீஸ் சர்க்குலர் மாதிரி என்றைக்கும் ஒரே தொனி.

கெட்டிமேளத்தில் ஒரு 'கீச்' போதும், வாசிப்பவருக்கு அடுத்த சீசன் அட்வான்ஸ் அம்பேல். ஆகவே என் தீர்ப்பு: ரிசப்ஷன் ஆலாபனைக்கு நாணல், முகூர்த்தத்துக்கு பிளாஸ்டிக். தாலிக்கு ரீ-டேக் கிடையாதே சார்!