"நம்மாளுங்க சாட்சிக்கு வரமாட்டாங்க"

"நம்மாளுங்க ரிப்போர்ட் போட மாட்டாங்க. போட்டாலும் கோர்ட்டுக்கு வரமாட்டாங்க." பாலோவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். சொல்பவர்களில் கட்சிக்காரர் உண்டு, ஆசிரியர் உண்டு, என்னைப்போல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்களும் உண்டு. கோழைத்தனம் நம் ரத்தத்திலேயே ஊறியது என்பதுபோல் ஒரு முகபாவம் வேறு. இந்த வசனம் பொய். அதிலும் அரசாங்கத்துக்கு ரொம்ப வசதியான பொய்.

நான் பொறியாளன். ஓர் இயந்திரத்தை இயக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறினால் நாங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டோம். பொத்தானை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம்.

இங்கேயும் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண் வழிப்பறி ஒன்றை நேரில் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியில் சப்பீனா வருகிறது. குளுவாங் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொலை வழக்கென்றால் உயர்நீதிமன்றம், அதாவது மூவார் அல்லது ஜொகூர் பாரு. யாரிடமாவது கார் கேட்க வேண்டும். அன்றைய சம்பளம் போய்விடும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஆண்டு விடுப்பு இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது, சாட்சி விடுப்பு இல்லை. கோர்ட் வராந்தாவில் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரிலேயே குற்றம் சாட்டப்பட்டவனின் அண்ணன் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மத்தியானம் ஒருவர் வந்து, "கேஸ் தள்ளிவச்சாச்சு, நீங்க போலாம்" என்பார். இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை அவர் வராவிட்டால், நாம் கடையில் உட்கார்ந்து "நம்மாளுங்க..." என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது. எரிச்சலே அங்கேதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைப் பாருங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிப் புகார் கொடுத்தவர், நான்கு வாரம் கழித்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். 183ஏ பிரிவின்படி, தண்டனை விதிக்கும் முன் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ அந்தக் குற்றம் தங்கள் வாழ்க்கையை என்ன செய்தது என்று நீதிமன்றத்தில் சொல்லலாம், அவர்கள் கேட்டுக்கொண்டால். 426ஆம் பிரிவில் இழப்பீடும் உண்டு, அரசு வழக்கறிஞர் விண்ணப்பித்தால்.

கேட்டால். கேட்டுக்கொண்டால். விண்ணப்பித்தால். இருக்கிறதென்று தெரியாத ஒன்றை யார் கேட்பார்கள்? எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அத்தை இருக்கிறார். சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள், ரிப்போர்ட் போட்டார். அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. "வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க தம்பி" என்கிறார். 107ஏ என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வழக்கின் போக்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்தது 1985இல். நான் பிறப்பதற்கும் முன்னால்.

"அதான் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, 2009இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை மறந்துவிட வேண்டாம். அல்தான்துயா கொலை வழக்கில் சாட்சியாக இருந்த தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்ரமணியம், 2008 ஜூலை 3ஆம் தேதி ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டார். மறுநாளே அதை மீட்டுக்கொண்டு இன்னொன்றை வெளியிட்டார். பிறகு குடும்பத்தோடு நாட்டைவிட்டே போனார். 2013இல் திரும்பி வந்தவர் சில வாரங்களில் மாரடைப்பில் இறந்துபோனார். அப்படிப்பட்ட சாட்சிகளுக்குப் புது அடையாளமும் புது வீடும் தேவைப்படலாம். அதற்குத்தான் அந்தச் சட்டம். பாலோக்காரருக்குப் புதுப் பெயர் வேண்டாம். ஒரு நாள் சம்பளம், உட்காரத் தனி அறை, "இன்றைக்கு வழக்கு இல்லை" என்று காலையிலேயே ஒரு குறுஞ்செய்தி, இவ்வளவு போதும். கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை மின்சார இரட்டைத் தண்டவாளத்தைப் பாலோ வழியாகப் போட முடிந்த அரசாங்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியாதா?

முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில், வன்முறைக்கு ஆளானவர் வெவ்வேறு கதவுகளைத் தட்டிக்கொண்டு அலையாமல், மருத்துவரும் போலீசும் சமூகநல ஊழியரும் அவர் இருக்கும் இடத்துக்கே வருகிற மாதிரி ஒரு மையம் தொடங்கினார்கள். பிறகு மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் அது பரவியது. அதே எண்ணம் மருத்துவமனை வாசலோடு ஏன் நின்றுபோனது? இலங்கை 2015இல் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் இருவரின் உரிமைகளையும் ஒரே சட்டத்தில் எழுதியது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் கொண்டுவந்தது. சட்டம் வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்பவர் சுட்டிக்காட்ட ஒரு பக்கமாவது இருக்கிறது. இங்கே எல்லாம் சிதறிக் கிடக்கிறது.

இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் பங்குண்டு. நான் படித்த கதைகளில் பாதிக்கப்பட்டவள் அழுகிறாள், ஊரைவிட்டுப் போகிறாள், தூக்கில் தொங்குகிறாள். கோர்ட் வராந்தாவில் மூன்றாவது முறை காத்திருப்பவளை நான் அதிகம் சந்தித்ததில்லை. அழுகிறவளைப் பார்த்து நமக்கு நெஞ்சு கனக்கிறது. புகார் கொடுத்தவளிடம், "ஏன் இந்த வேண்டாத வேலை?" என்கிறோம்.

கேட்க வேண்டியது எளிது. ரிப்போர்ட் எழுதி வாங்கும்போதே, இந்த உரிமைகளை அவரவர் மொழியில் அச்சடித்துக் கையில் கொடுப்பது போலீசின் கடமை என்று சட்டத்தில் சேர்க்க வேண்டும். சாட்சி சொல்லப் போகும் நாளுக்குச் சம்பள விடுப்பு வேண்டும். இவை வரும்வரை 107ஏ கடிதம் நம் கையில் இருக்கிறது. ரிப்போர்ட் எண், புகார் கொடுத்த தேதி, என்ன குற்றம், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி. ஒரு பக்கம்கூட வராது. எஸ்.பி.எம்.மில் மலாய்மொழிக்கு ஏ வாங்கிய எவரும் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். உங்கள் வரிசையிலும் ஓர் அத்தை இருப்பார். போய்க் கேளுங்கள்.