வளரிளம் பிள்ளையைக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வைக்காதீர்கள்: பிரிந்த பெற்றோரின் பிள்ளை வளர்ப்பு பற்றி எங்கள் நிலைப்பாடு

பெற்றோர் பிரிந்தபின் பதின்பருவப் பிள்ளை யாரோடு இருப்பது, மற்றவரை எப்போது பார்ப்பது என்பதை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. அந்த முடிவின் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றவும் கூடாது. குடும்ப நீதிமன்ற வழக்குகளில் பிள்ளைகளோடு பேசிவரும் ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. விவரம் தெரிந்து விருப்பம் சொல்லக்கூடிய வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காக்கப்படுவோர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவும் முடிந்தவரை பிள்ளையின் விருப்பத்தை ஒட்டியே ஏற்பாடு செய்யச் சொல்கிறது. ஆனாலும் கடைசி அளவுகோல் பிள்ளையின் நலன்தான்.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயதில் எழுதிய உத்தரவு பதினைந்து வயதிலும் அப்படியே ஓடுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அப்பாவோடு என்றால் சின்னப் பிள்ளைக்கு அது பூங்காவும் ஐஸ்கிரீமும். பத்தாம் வகுப்பில் அதே சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, டியூஷன், கபடிப் பயிற்சி. பிள்ளை வரவில்லை என்றால், "அவ சொல்லிக்கொடுத்திருக்கா" என்கிறார் அப்பா. "அவனுக்கே பிடிக்கல" என்கிறார் அம்மா. பிள்ளைக்கோ அன்று கணக்கு டெஸ்ட். அதை யாரும் கேட்கவில்லை.

கஸ்டடி உத்தரவுகள் நிரந்தரமானவை அல்ல, பிள்ளையின் நலனுக்காகப் பின்னர் மாற்றலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1973-லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. இன்றும் எங்களிடம் வரும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பத்தாம் வகுப்புக்குப் போகும்போதாவது பழைய ஏற்பாட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். நீதிமன்ற வராந்தாவில் இரு வீட்டுச் சொந்தங்களும் பார்த்துக்கொண்டிருக்க, "உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?" என்று கேட்பது கொடுமை. நீதிபதியோ ஆலோசகரோ தனி அறையில் பேசட்டும். பள்ளிக்கு எங்கிருந்து போவது சுலபம், புத்தகங்கள் எந்த வீட்டில் இருக்கின்றன, தீபாவளியன்று யார் யாரைப் பார்க்க ஆசை என்று கேட்டால் பிள்ளை பேசும். பதின்மூன்று வயதுப் பெண் அப்பா வீட்டில் தங்கத் தயங்கினால், தாழ்ப்பாள் உள்ள அறையும் மாதவிடாய் நாள்களுக்குத் தேவையானவையும் அங்கே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்பாமேல் வெறுப்பு என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

"ஃபீஸ் இன்னும் கட்டலன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவதை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம். ஜீவனாம்சம் வரவில்லை என்று சந்திப்பைத் தடுப்பதும், சந்திக்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரே தவறுதான். இரண்டிலும் இழப்பு பிள்ளைக்கு. பள்ளி மதிப்பெண் பட்டியலும் மருத்துவச் செய்தியும் இருவருக்கும் நேராகப் போய்ச்சேர வேண்டும்.

அடி, உதை, பாலியல் சீண்டல், குடிவெறி உள்ள வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே பாதுகாப்புதான் முதல். அத்தகைய பெற்றோரைச் சந்திப்பதாக இருந்தால் பொறுப்பான ஒருவரின் கண்காணிப்பில் மட்டுமே சந்திக்க வேண்டும்.

ஜூனில் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன், பிரிந்து வாழும் பெற்றோர் இருவரும் பிள்ளையின் பாடவேளை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுங்கள். நேரில் முடியாவிட்டால் ஆலோசகரை வைத்துப் பேசுங்கள். அந்த ஏற்பாட்டை எழுதி, பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.