வயலில் மருந்து; வாவியில் நஞ்சா?

மட்டக்களப்பு மாநிலத்தை மீன் பாடும் தேன்நாடு என்று சொல்லிப் பெருமை கொள்ளாத தமிழர் இலர். மேடைதோறும் அப்பெயரை முழங்குகிறோம். வாழ்த்து மடல்தோறும் அச்சிடுகிறோம். ஆனால், பாடுவதற்கு மீன் உயிரோடிருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை மட்டும் மறந்துவிடுகிறோம். நம் வயல்களிலிருந்து வடிந்து வாவிக்குள் இறங்கும் நீர் எத்தகையது? அதில் மீன் எத்தனை நாள் உயிர் தரிக்கும்? இக்கேள்விகளை அரசாங்கமும் கல்விமான்களும் விவசாயிகளும் கேட்டே தீரவேண்டிய காலம் வந்துவிட்டது.

மண்டூரை எடுத்துக்கொள்வோம். படுவான்கரையில் வாவியின் ஓரத்தே அமைந்த பழம்பெரும் ஊர். கிழக்கே வாவியைக் கடந்தால் குருமண்வெளி. மேற்கே போரதீவுப்பற்றின் பரந்த வயல்வெளி. கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு அடியார்கள் தோணியேறி வந்த துறையும் இதுவே. வீச்சுவலை எறிந்து ஏழை தன் கறிக்கு வழி தேடும் துறையும் இதுவே. நவகிரிக் குளத்து நீர் பாயும் வட்டைகளிலிருந்து வக்கடை வழியே வழியும் நீருக்கு வாவியைத் தவிர வேறு போக்கிடமில்லை. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் பாசன நிலங்களிலிருந்து வடியும் நீரிலும் ஒரு பெரும் பங்கு வாவியின் தென்பகுதியையே வந்தடைகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்து நிற்கும் மாதங்களில், வந்த நீர் விரைவில் வெளியேற வழியுமில்லை. ஆகவே மேட்டிலே ஒருவன் செய்வது பள்ளத்திலே மற்றொருவன் தலையில் விடிகிறது.

அந்த இருவரும் வேறு வேறு மனிதரா? அதுவும் இல்லை. காலையில் வரம்பிலே நிற்பவனே மாலையில் தோணியிலே இருக்கிறான். தன் வேளாண்மையைக் காக்க அவன் அடிக்கும் எண்ணெய், தன் பிள்ளையின் சோற்றுக்குக் கறியாக வேண்டிய மீனைக் கொல்லுமாயின், அவனுடைய ஒரு கை மற்றக் கையை வெட்டுகிறது என்பதே பொருள்.

விவசாயியைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது நமது நோக்கமன்று. கபிலத் தத்தி ஒரு கண்டத்தில் இறங்கினால் சில நாளில் கதிர் கருகி நிற்கும். கடனுக்கு வாங்கிய விதையும் உரமும் கண்முன்னே அழியும். அந்நிலையில் அவன் கடைக்காரன் கொடுத்த போத்தலை வாங்கித் தெளிக்கிறான். அதற்கு மருந்து என்று பெயரிட்டவனும் அவனல்லன். பயிருக்கு மருந்தாவது பூச்சிக்கு நஞ்சு. பூச்சிக்கு நஞ்சாவது மீனுக்கு என்ன? இதை அவனுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டோர் யார் என்பதே நமது வினா.

நிறம் சொல்லாத உண்மை

போத்தலின் அடியில் ஒரு நிறப்பட்டை உண்டு. சிவப்பானால் கொடிய நஞ்சு, மஞ்சளானால் அதற்கடுத்தது, நீலமும் பச்சையும் குறைந்தன. படித்தவரும் பாமரரும் இந்நிறத்தைக் கண்டு ஆறுதலோ அச்சமோ அடைகின்றனர். ஆனால் இந்த நிறம் எதைக் குறிக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத் தழுவி இடப்படுவது இது. அவ்வகைப்பாடு பெரும்பாலும் எலிகளுக்கு நஞ்சை ஊட்டியும் தோலில் பூசியும் கண்ட அளவுகளின்மேல் எழுந்தது. மனிதனுக்கு நேரக்கூடிய ஆபத்தையே அது கூறுகிறது. மீனைப் பற்றி அந்த நிறம் ஒரு சொல்லும் சொல்வதில்லை!

பைரித்திரொயிட்டு என்னும் வகையைப் பாருங்கள். கொடிய பழைய நஞ்சுகளோடு ஒப்பிட, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் தீங்கு குறைந்தவை என்று பெயர் பெற்றவை இவை. மீனுக்கோ இவை கூற்றுவன். இவ்வகையைச் சேர்ந்த லாம்டா-சைஹலோத்திரின் என்ற பொருள், அமெரிக்க நன்னீர் மீன் ஒன்றில் பாதியை நான்கு நாளிற் கொல்வதற்கு ஒரு லீற்றர் நீரில் 0.21 மைக்கிரோகிராம் போதுமாயிருந்தது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்கிரோகிராம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு!

இதை நம் வயலுக்குக் கொண்டுவந்து கணக்கிடுவோம். ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குல நீர் நின்றால் அது ஏறத்தாழ இரண்டு இலட்சம் லீற்றர். அதிலே வெறும் 5 கிராம் நஞ்சு முழுமையாகக் கரைந்தால் லீற்றருக்குச் சுமார் 25 மைக்கிரோகிராம் ஆகும். மேற்சொன்ன அளவினும் இது நூறு மடங்குக்கு மேல்! நஞ்சின் பெரும்பகுதி இலையிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்பது மெய்தான். நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு அவ்வாறு ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஐந்து பங்கு, மீனைக் கொல்லும் அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நிற்கிறது. இப்பொருளை நாம் ஓர் உதாரணமாகவே எடுத்தோம். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கைப் போடுவதற்கு வேண்டிய எண் விவசாயியின் கையில் இல்லை.

நான்கு நாட் சோதனை

அந்த எண் எங்கிருந்து வருகிறது? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1981 இல் வகுத்து, 1992 இலும் 2019 இலும் திருத்திய 203 ஆம் இலக்க நெறிமுறையை உலக நாடுகள் பலவும் பின்பற்றுகின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த, நோயற்ற, ஏறத்தாழ ஒரே அளவான மீன்களைக் கொணர்ந்து, ஆய்வுகூடத்து நீருக்குப் பல நாள் பழக்குகின்றனர். பின்னர், படிப்படியாக உயரும் ஐந்து செறிவுகளில் நஞ்சைக் கலந்த தொட்டிகளில், தொட்டிக்குக் குறைந்தது ஏழு மீன்களாக விடுகின்றனர். நஞ்சு கலவாத நீரில் வேறு ஏழு மீன்கள் நிற்கும். 24, 48, 72, 96 ஆம் மணித்தியாலங்களில் எத்தனை மாண்டன என்று எண்ணுகின்றனர். நஞ்சில்லாத் தொட்டியிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் மாண்டால் சோதனை செல்லாது. நீரில் கரைந்த ஒட்சிசன் நிறைவளவில் 60 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் செல்லாது. மூச்சுமுட்டிச் செத்த மீனை நஞ்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாதல்லவா?

இவ்வாறு பெறப்படுவதே பாதி மீன்களைக் கொல்லும் செறிவு. இந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கொடியது நஞ்சு. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமோ அதற்குக் குறைவோ ஆயின், நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடியது என்று உலகளாவிய வகைப்பாடு முத்திரை குத்துகிறது.

மீனைக் கொன்றுதான் மீனைக் காக்க வேண்டுமோ என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் அறம் உண்டு. அதை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. மீனின் முட்டைக் கருவைக்கொண்டே சோதிக்கும் முறையொன்று 2013 இல் ஏற்கப்பட்டதும், கொல்லப்படும் மீன்களின் தொகையைக் குறைக்க விஞ்ஞானிகள் முயல்வதும் அந்த அறத்தின் பயனே. ஆயினும், ஆய்வுகூடத்தில் நாற்பத்திரண்டு மீன்களைக்கொண்டு செய்யாத சோதனையை, நாம் திறந்த வாவியில் எண்ணற்ற மீன்களைக்கொண்டு நாள்தோறும் செய்துவருகிறோம். அங்கே கணக்கெடுப்பாரும் இலர். நஞ்சு கலவாத தொட்டியும் இல்லை!

சோதனையின் எல்லையையும் சொல்லிவைப்பது நேர்மை. நான்கு நாளில் மீன் சாகவில்லை என்பதனால் அது நலமாயிருக்கிறது என்று ஆகிவிடாது. குளோர்பைரிபோஸ் கலந்த நீரில் கப்பி மீன் குஞ்சுகளை வளர்த்து நம் நாட்டு ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, மிகக் குறைந்த செறிவும் குஞ்சுகளின் நடத்தையையும் உடலின் திசுக்களையும் பாதிப்பதைக் காட்டியது. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்கெடுத்து 1998 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, திலாப்பியா மீனுக்கு மலத்தியோன் இழைக்கும் தீங்கை, நீரிலுள்ள பிற மாசுகள் மாற்றியமைக்கக் கூடும் என்று ஆராய்ந்தது. நம் வாவியிலோ ஒரு நஞ்சு தனித்து நிற்பதில்லை. களைநாசினியும் பூச்சிநாசினியும் பட்டினத்துக் கழிவும் ஒருங்கே கலக்கின்றன. எனவே நான்கு நாட் சோதனை முதற்படிதான். ஆனால் முதற்படியில் கால் வைக்காதவன் இரண்டாம் படியைப் பற்றிப் பேசுவதில் பயனென்ன?

எண்ணி வைத்தவன் கேட்க முடியும்

கனடாவின் மிராமிச்சி ஆற்றின் கதையை நம்மவர் அறிதல் நன்று. 1954 இல் அங்குள்ள காட்டு மரங்களின் புழுவை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.ரி. தெளித்தனர். ஆற்றிலே சாமன் மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன. அந்த இழப்பை உலகம் மறுக்க முடியாமற் போனது ஏன்? 1950 முதலே அரசாங்கத்தின் மீன்வள ஆய்வாளர்கள் அவ்வாற்று மீன்களை ஆண்டுதோறும் எண்ணி வந்தனர். முன்னே எத்தனை, பின்னே எத்தனை என்று கேட்க அவர்களிடம் ஏடு இருந்தது. 1986 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இரசாயனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றி, நஞ்சு றைன் நதியிற் கலந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் விலாங்கு மீன்கள் மாண்டபோதும், அளந்து வைத்திருந்த நாடுகளே உரத்த குரலில் நியாயம் கேட்டன.

நம் வாவியில் மீன் மிதந்தால் என்ன நடக்கிறது? ஒருவர் வெப்பம் என்பார். ஒருவர் உவர் என்பார். ஒருவர் நஞ்சு என்பார். பாசி மிகுந்த நீரில் விடியற்காலையில் ஒட்சிசன் குன்றி மீன் சாவதும் உண்டு. எது மெய் என்று அறியும் முன்னரே செத்த மீன் அழுகிவிடும், நீரும் ஓடிவிடும். ஆதாரமில்லாத முறைப்பாடு எந்த அலுவலகத்தின் கதவையும் திறக்காது.

சட்டம் இல்லை என்று கூறவும் முடியாது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார். 1984 இல் பரத்தியோன் தடுக்கப்பட்டது; 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன தடுக்கப்பட்டன; 1998 இல் எண்டோசல்பான் தடுக்கப்பட்டது. நஞ்சருந்தி மாளும் மனிதரின் தொகை கண்டு எடுத்த முடிவுகள் இவை. அவற்றால் ஆயிரமாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் எண்டோசல்பான் மீனுக்கும் கொடுங்கொலைஞன் என்பது அதற்கு நெடுநாள் முன்னரே உலகறிந்த செய்தி. மனிதச் சாவு பேசியது, சட்டம் கேட்டது. மீனின் சாவு பேசும் மொழியை, எண்களின் மொழியை, நாம் இன்னும் அரசாங்கத்தின் காதில் ஓதவில்லை.

செய்ய வேண்டியவை

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உதித்து, 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் நம் மண்ணின் அறிவுக் களஞ்சியம். இப்பகுதி வயல்களில் தெளிக்கப்படும் ஒவ்வொரு நஞ்சையும், நம் விரால், கெளுத்தி, திலாப்பியாக் குஞ்சுகளின்மேல், நம் வாவியின் நீரிலே, நம் வெயிலின் வெப்பத்திலே சோதித்து முடிவுகளை வெளியிடுவதைத் தன் நிரந்தரப் பணியாக அப்பல்கலைக்கழகம் ஏற்கவேண்டும். குளிர்நாட்டு மீனின் எண் நமக்கு ஒரு குறிப்பு; நம் மீனின் எண்ணே நமக்குச் சான்று. தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் கைகொடுக்க வேண்டும். அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும்.

முடிவுகள் ஆங்கிலச் சஞ்சிகைகளில் உறங்கினாற் போதாது. கமநல சேவை நிலையங்களின் சுவரிலே, எந்தப் பொருள் மீனுக்கு எவ்வளவு கொடியது, தெளித்தபின் எத்தனை நாள் வக்கடையை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்தவேண்டும் என்பதைக் கூறும் அட்டவணை தெளிந்த தமிழில் தொங்கவேண்டும். தன் நிலத்தில் தான் தெளிப்பதன் தன்மையைத் தன் மொழியில் அறிவது விவசாயியின் உரிமை. அதைச் சலுகையாக எவரும் வழங்க வேண்டியதில்லை.

மீன் சாகும் நாளிலே நீரைத் தூய கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் குளிரில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஊர்தோறும் ஒருவர் பொறுப்பேற்கவேண்டும். வெப்பமும் ஒட்சிசனும் அளக்கும் கருவி மீனவர் சங்கங்களின் கையில் இருக்கவேண்டும். நல்ல நாட்களிலும் அவற்றை அளந்து ஏட்டில் எழுதிவந்தால்தான் கெட்ட நாளை அடையாளம் காண முடியும்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உள. தெளிகருவியை வாய்க்காலில் கழுவாதீர்கள். வெறும் போத்தலை நீரில் எறியாதீர்கள். மழை இருண்டு நிற்கும்போது தெளிக்காதீர்கள். பூச்சியை எண்ணிப் பார்த்து, வேண்டுமானால் மட்டும் தெளியுங்கள். போகம் தொடங்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே, நீர் திறக்கும் நாளை முடிவு செய்வதுபோல, மருந்து அடித்தபின் வக்கடை அடைத்திருக்கும் நாட்களையும் முடிவு செய்யுங்கள். வட்டவிதானை சொன்னால் கேட்கும் வட்டை, வாவிக்காகவும் ஒரு கட்டளையை ஏற்காதா?

நெல்லா மீனா என்று தேர்ந்தெடுக்கும்படி மண்டூர் மக்களை எவரும் நிர்ப்பந்திக்க உரிமையில்லை. சோறும் கறியும் சேர்ந்ததே உணவு. இரண்டையும் காக்கும் வழியை விஞ்ஞானம் காட்டக் காத்திருக்கிறது. அதற்கு வேண்டியவை ஆறு தொட்டிகளும், நாற்பத்திரண்டு மீன்களும், நான்கு நாட்களும், கடமை தவறாத ஒரு மனிதனும். இத்தனை சிறிய செலவுக்கு மனமில்லாத ஆட்சியையும், இதைக் கேட்கத் துணிவில்லாத மக்களையும் நாளைய சந்ததி மன்னிக்காது. மீன் ஊமையாயிருக்கலாம்; அதன் பொருட்டுப் பேச வேண்டிய நாம் ஊமையாயிருத்தல் தகாது!