காற்றை அடைப்பதும் மூச்சை அடைப்பதும்

சோளகக் காற்று வீட்டினுள் புகவேண்டுமென்றே யாழ்ப்பாணத்தில் யன்னல்களைத் திறந்து வைத்தோம். இலண்டனிலோ குளிர்காற்றை மறிப்பதே மாரிகாலத்தில் எமது முதற் கவலையாகிவிட்டது.

எம்மவர் பலர் வாழும் பழைய விக்டோரியாக் கால வீடுகளில் மேலும் கீழும் சறுக்கும் மரயன்னல்களைக் காணலாம். சட்டத்தின் உட்கூட்டில் மறைந்துள்ள கயிறும் இரும்புப் பாரமுமே அவற்றைத் தாங்குகின்றன. சறுக்குவதற்குச் சிறு இடைவெளி வேண்டும். காலத் தேய்மானத்தில் அது பெருகிவிடும். நாம் பணம் கொடுத்துப் பெற்ற சூடு அவ்வழியே வெளியேறுகின்றது.

காற்று நுழையும் இடத்தை அறிய ஓர் ஊதுபத்தி போதும். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு யன்னல் விளிம்போரமாக அதனை நகர்த்துங்கள். புகை வளையும் இடத்திலேதான் பழுது உள்ளது. கதவுபோலத் திறக்கும் யன்னலுக்கு ஒட்டும் பஞ்சு நாடா ஏற்றது. சறுக்கும் யன்னலில் அது உராய்ந்து கிழியுமாதலால் தூரிகை நாடாவே தக்கது. ஒட்டுமுன் தூசும் ஈரமும் நீங்கத் துடைத்து உலரவிடல் வேண்டும்.

ஆயினும் அனைத்தையும் அடைத்துவிடலாகாது. சுவரிலுள்ள காற்றுத் துளைகள் காரணத்தோடு அமைக்கப்பட்டவை. எரிவாயு எரியுமிடத்தில் காற்றோட்டம் தடைப்படின் நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு சேர்ந்து உயிரைப் பறிக்கும். புட்டு அவிக்கும் ஆவியும் உள்ளே உலர்த்தும் துணிகளின் ஈரமும் வெளியேற வழியின்றேல் குளிர்ந்த சுவரில் நீராய்ப் படியும்; பின்னர் அங்கே கரும்பூஞ்சணம் படரும். எனவே சமைத்தபின் சிறிது நேரமேனும் யன்னலைத் திறந்து வையுங்கள்.

2020 டிசெம்பரில் ரொச்டேல் நகரில் சூடானியப் பெற்றோரின் இரண்டு வயது மகன் அவாப் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்தமையே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. பெற்றோர் பலமுறை முறையிட்டிருந்தனர். அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துள் நீக்கவேண்டும். பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுள் ஆராயவேண்டும். தனியார் வீடுகளிலும், குறுகிய கால வாடகையாயின், வெளிக்கட்டமைப்பைப் பழுதுபார்ப்பது 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் கடனாகும்.

ஆகவே நாடா ஒட்டுவதை நாமே செய்வோம். உளுத்த சட்டத்தையும் அறுந்த கயிற்றையும் உரியவர் திருத்தட்டும். முறையிட்டால் வீடு பறிபோகுமோ என அஞ்சி எம்மவர் பலர் வாளாவிருக்கின்றனர். அச்சுவரருகே உறங்குபவர் எம் குழந்தைகள் என்பதை மறவாதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில், திகதியிட்டு, புகைப்படத்துடன் அனுப்புங்கள், பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமெனின் அயலிலுள்ள படித்த பிள்ளையொன்றின் உதவியை நாடுங்கள்.