கவிழ்த்துப் பார்ப்பவர்களுக்கு

பழைய பிரெஞ்சுப் பீங்கானைக் கையில் எடுப்பவர் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் பின்னிக்கிடக்கும் இரண்டு ‘எல்’ எழுத்துகள் இருந்தால் செவ்ர் ஆலை. அது மன்னர் பதினைந்தாம் லூயியின் அடையாளம். லிமோஜ் என்றால் முதலாளியின் குடும்பப் பெயர். விலை அந்த முத்திரைக்கு. செய்த கைக்கு அல்ல.

செவ்ருக்கு 1756இல் இடம் மாறும் முன், அந்த ஆலை வேன்சேன் கோட்டையில் இருந்தது. தொடக்கத்தில் அதற்கு வருமானம் தந்தவை பீங்கான் பூக்கள். கிராவான் என்பவரின் மனைவி மேற்பார்த்த பட்டறையில், ஏறக்குறைய 45 பெண்கள் இதழ் இதழாக அவற்றை உருவாக்கினார்கள். 1749இல் பிரெஞ்சு இளவரசரின் மனைவி 480 பூக்கள் கொண்ட ஒரு பூங்கொத்தை டிரெஸ்டனில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பினாள். அனுப்பியவள் பெயர் தெரியும், பெற்றவர் பெயர் தெரியும். ஓவியர்களாவது தம் குறியைத் தீட்டிவைத்தார்கள். பூ செய்தவளுக்கு அதுவும் இல்லை.

‘அதில் பெண் பெயரே இல்லையா?’ என்பார்கள். உண்டு. ஓர் இளஞ்சிவப்புக்கு மன்னரின் காதலி பொம்பதூரின் பெயரைப் பின்னாளில் சூட்டினார்கள். வாங்குபவளாக இருந்தால் பெண்ணுக்கும் பெயர் கிடைக்கும்.

லிமோஜுக்கு வெண்களிமண் கிடைத்த கதையைக் கேளுங்கள். துணி வெளுக்க உதவும் என்று அந்த மண்ணைக் கவனித்தவள் ஒரு பெண் என்றே சொல்லப்படுகிறது. அவளை வரலாறு ‘மருத்துவர் டார்னேயின் மனைவி’ என்று குறித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

1905இல் அதே லிமோஜில், ஹாவிலாந்து ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. மேற்பார்வையாளர் பெண் தொழிலாளர்களைத் தன் இச்சைக்குப் பணியவைக்கிறார், அவரை நீக்குங்கள் என்பது கோரிக்கை. யாரை வைத்துக்கொள்வது என்பது எங்கள் உரிமை என்றார்கள் முதலாளிகள். ஆலைகளை இழுத்து மூடினார்கள். தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. ஏப்ரல் 17 அன்று ராணுவம் சுட்டது. காமில் வார்தெல் என்ற 19 வயதுத் தொழிலாளி செத்தான். அவன் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கட்டும். எந்தப் பெண்களின் உடலுக்காக அந்தப் போராட்டம் தொடங்கியதோ, அவர்கள் பெயர்கள் எங்கே? ஒரு பெண்ணின் மானக்கேடு ‘தொழிலாளர் பிரச்சினை’ ஆனதும் அந்தப் பெண் கதையிலிருந்து கழன்றுவிடுகிறாள்.

‘அழகை அழகாகப் பாருங்களேன், அரசியல் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். முத்திரையைத் தேடிக் கவிழ்த்தது நீங்கள்தான். யாருடையது என்று கேட்டது நீங்கள்தான். பாதிக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டதுதான் உங்கள் அரசியல். மீதிப் பாதியை நாங்கள் கேட்கிறோம்: யார் செய்தார்கள், என்ன கூலிக்கு, யாருக்குப் பயந்து?

பீங்கான் போல மென்மையானவள் பெண் என்று எழுதும் கவிஞர்களும் கேட்டுக்கொள்ளட்டும். பீங்கான் மென்மையானதல்ல. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வருவது அது.