குடியில்லாத மனைக்குக் குடிநீர்க் கட்டணமா?



பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஏரித் தொழில். நான் காலையில் ஏலத்தில் எறா, நண்டு எடுத்துப் பொன்னேரியில் விற்றுவிட்டு, மத்தியானம் வீடு திரும்பி உலை வைக்கிறவள். பெரிய படிப்பு இல்லை, பத்தாவது வரைதான். போன மாதம் எனக்கு நடந்த ஒரு சங்கதியை எழுதினால் உங்களில் நாலு பேருக்காவது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு மூன்று சென்ட் மனை. அதில் ஒரு ஓலைக் குடிசை. 2004 சுனாமியில்கூடத் தப்பிய குடிசை அது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலில் கூரை பறந்து, மண் சுவர் கரைந்து படுத்துவிட்டது. மாமியார் எங்களோடு வந்து இருந்தார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அதிலிருந்து அந்த மனை காலியாகத்தான் கிடக்கிறது. வலை உலர்த்துவோம், கருவாடு காயப் போடுவோம். அவ்வளவுதான்.

இப்போது மூத்த பையனுக்குக் கல்யாணம் பேசி இருக்கிறோம். மனையில் ஒரு அறையாவது கட்டலாம், அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கு மனு கொடுக்கலாம் என்று வீட்டு வரி ரசீது வாங்க ஊராட்சி ஆபீசுக்குப் போனேன்.

“வீட்டு வரி அப்புறம். முதல்ல தண்ணி பாக்கி 1,200 ரூபாய் கட்டுங்கம்மா” என்றார் அங்கிருந்தவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “குடிசையே இல்லையே சார். யார் தண்ணி புடிச்சாங்க?”

“கம்ப்யூட்டர்ல இணைப்பு இருக்குதே. மாசம் 50 ரூபாய், 24 மாசம். வேணாம்னா அப்பவே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கணும்.”

கூரை பறந்த அன்றைக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமா, காகிதம் தேடிக் கடுதாசி எழுதுவோமா? நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் என்னவென்றால், மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்த ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு குழாய் வைத்தார்கள். மாமியார் குடிசை வாசலிலும் ஒன்று வைத்தார்கள். குடிசை போன பிறகும் குழாய் நின்றது. வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தோம். இரண்டு வருஷத்தில் ஒரு குடம் பிடித்ததில்லை. பாக்கி இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வந்ததில்லை. ஆனாலும் கணக்கு மட்டும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

தண்ணீருக்குக் காசு கொடுக்க மனமில்லாதவள் என்று என்னை நினைக்காதீர்கள். தண்ணீர் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. ரெண்டும் உப்பு. மழை பெய்தால் மணலில் ஊற்று தோண்டி மொண்டு குடித்த காலம் உண்டு. மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960-களின் கடைசியிலிருந்தே சென்னைப் பட்டணத்துக்கென்று கிணறு போட்டு நீரை உறிஞ்சினார்கள். நல்ல தண்ணீர் குறையக் குறையக் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எங்களுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-இல் திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்று கணக்கு. அதுவும் சென்னைக்காகக் கட்டியதுதான். குடத்தோடு வரிசையில் நின்ற எங்களுக்கு வாசலில் குழாய் வந்தபோது, மாமியார் அதற்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். மாசம் 50 ரூபாயை அவர் இருந்தவரை யாரும் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தார்.

என் வருத்தம் காசு பற்றியது மட்டும் அல்ல, கணக்கு பற்றியது. வரி வேறு, கட்டணம் வேறு. வரி என்றால் நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். சென்னையில் குடிநீர் வாரியம் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி வசூலிக்கிறது. இணைப்பு வாங்காத வீட்டுக்காரரும் அதைக் கட்டத்தான் வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, அது வரி என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். எங்களிடம் வாங்குவதோ தண்ணீர்க் கட்டணம். தண்ணீரே ஓடாத குழாய்க்குத் தண்ணீர்க் கட்டணம் எப்படிப் பொருந்தும்?

“மோட்டாருக்குக் கரண்ட் பில் இருக்குது, தண்ணி திறந்துவிடற ஆளுக்குச் சம்பளம் இருக்குது, குழாய் உடைஞ்சா சரி பண்ணணும். எல்லாரும் நிறுத்திட்டா ஊராட்சி என்ன செய்யும்?” என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அப்படியானால் பராமரிப்புக்கு என்று ஒரு சிறு தொகையை வைக்கட்டும், அதை முன்கூட்டியே சொல்லட்டும். குடும்பமே நடத்துகிற வீட்டுக்கும் வலை காய்கிற மண்ணுக்கும் ஒரே 50 ரூபாய் என்பதும், ரசீது கேட்டு வந்து நிற்கும்போதுதான் பாக்கியைச் சொல்வதும் சரியா?

சரி, கடைசியில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கட்டிவிட்டேன்!

சண்டை போடத்தான் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினார். “அடியே, பட்டா இல்லாத மனைடி. உன் மாமியார் பேர்ல ரசீது ஓடிட்டு இருக்கிறதாலதான் அது உங்க மனைன்னு நாலு பேர் சொல்றான். பாக்கின்னு நின்னா நாளைக்கு எவனாவது வேலி போடுவான். 1,200 ரூபாய் பெருசா, மனை பெருசா?”

வரி ரசீது பட்டா ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த இடம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்ட எங்களிடம் வேறு காகிதம் என்ன இருக்கிறது? எங்கள் குப்பத்தில் பல குடும்பங்களின் நிலை இதுதான். தப்பான கணக்கு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறோம். சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துத்தான் கட்டினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரர், “அந்த 1,200 ரூபாய் யார் குடிச்ச தண்ணிக்கு?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாளே மனு எழுதிக் கொண்டுபோனேன். என் தப்பு ஒன்று இதில் உண்டு. குடிசை விழுந்த பிறகு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனை ஏறியிருக்காது. அதனால் காலி மனையோ பூட்டிய வீடோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்.

ஒன்று, வீடு இடிந்தாலும் பூட்டினாலும் உடனே இணைப்பை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது கணக்கில் ஏறாது.

இரண்டு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கி உண்டா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ரசீதுகளை அரிசி டப்பாவில் போடாமல் ஒரு பையில் ஒழுங்காக வையுங்கள்.

மூன்று, எந்தத் தீர்மானப்படி இந்தக் கட்டணம் என்று தெரியவேண்டுமா? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும்.

நான்கு, கிராம சபைக்குப் போங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு இப்போது மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்றும் கூட்டம் உண்டு. “அது ஆம்பளைங்க சமாச்சாரம்” என்று நாம் எறா உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். தண்ணீர் பிடிப்பது நாம், குடத்தை எண்ணுவது நாம், அந்தக் கணக்கைக் கேட்க மட்டும் ஆம்பளையா?

வருகிற மார்ச் 22-ஆம் தேதி நான் போகப் போகிறேன். ஆள் இல்லாத மனைக்குத் தண்ணீர்க் கட்டணம் கிடையாது என்று தீர்மானம் போடச் சொல்லிக் கேட்பேன். தெருவில் ஆறு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் வருகிறாராம்.

உங்கள் ஊரிலும் இப்படி நடக்கிறதா? நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுதுங்கள் சகோதரிகளே.

- ஒரு வாசகி, பழவேற்காடு