சொட்டு மருந்து நம்ம ஊர் குழந்தைகளிடம் ஏன் முழுசா வேலை செய்வதில்லை? விடை குடலுக்குள்!

திருத்தணி அடுத்த கே.ஜி.கண்டிகையோ, சென்னையோ, எங்கே பிறந்தாலும் குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து உண்டு. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கத்தான் இது. தமிழ்நாட்டில் 2017 முதல் இலவசம்.

ஆனால் ஒரு சிக்கல். ஐரோப்பாவில் ரோட்டா தடுப்பு மருந்தின் பலன் 90 சதவீதத்தைத் தாண்டியது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ரோட்டாவேக் சோதனையில் முதல் வருஷம் கிடைத்தது சுமார் 56 சதவீதம்தான். போலியோ சொட்டு மருந்திலும் இதே கதை. 3 டோஸ் போதாது என்று 1970களிலேயே சொன்னவர் வேலூர் சிஎம்சி-யின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான்.

குடலுக்குள் என்ன நடக்குது?

உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு பகுதி குடலில் இருக்கிறது. அதில் பிளாஸ்மா செல்கள் 'ஐஜிஏ' என்ற ஆன்டிபாடியைத் தினமும் கிராம் கணக்கில் சுரக்கின்றன. அது பாக்டீரியா மேல் படிந்து, குடல் சுவர் பக்கம் நெருங்க விடாது. எல்லாத்தையும் விரட்டுவதும் இல்லை. சில வகைகள் அங்கேயே ஒட்டி வாழ அதுவே உதவுகிறது. ஐஜிஏ சுரக்காத எலிகளில் பாக்டீரியா கூட்டமே மாறிப்போனது. பிறந்த குழந்தைக்கு இதைத் தானே சுரக்க சில வாரங்கள் ஆகும். அதுவரை தாய்ப்பால்தான் சப்ளை.

அசுத்தமான தண்ணீரால் கிருமிகள் ஓயாமல் உள்ளே போனால், இந்தக் காவல் செல்கள் எப்போதும் சண்டையிலேயே இருக்கும். குடல் சுவர் வீங்கி, மழுங்கும். அந்த நேரத்தில் வரும் சொட்டு மருந்து எடுபடுவது கஷ்டம் என்பது விஞ்ஞானிகளின் சந்தேகம்.

அப்போ ஆன்டிபயாடிக் கொடுத்தால்?

வேலூரில் அதையும் செய்து பார்த்தார்கள். 6 முதல் 11 மாதக் குழந்தைகள் சுமார் 750 பேரில் பாதிப் பேருக்கு 3 நாள் அசித்ரோமைசின், பிறகு போலியோ சொட்டு. 2016-ல் முடிவு வெளியானது. கெட்ட பாக்டீரியா குறைந்தது, குடல் அழற்சியும் குறைந்தது. மருந்தின் பலன் மட்டும் கூடவே இல்லை! பாக்டீரியாவை மட்டும் குறை சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற வைரஸ்களும் சொட்டு மருந்துக்குப் போட்டியாக நிற்கின்றன.

பலன் தந்தது வேறு வழி. ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த 450 வேலூர் குழந்தைகளில் பாதிப் பேருக்குப் போலியோ ஊசி போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்ததில், ஊசி போட்டவர்களின் மலத்தில் வைரஸ் வெளியேறுவது குறைந்திருந்தது. அதாவது, ஊசி குடல் காவலையும் தட்டி எழுப்பியிருக்கிறது. 2015 நவம்பரில் இந்தியா போலியோ ஊசியைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. சொட்டு மருந்தும் தொடர்கிறது.